விருந்தினர் கணக்கு

காபி வந்துவிட்டது. கொண்டுவந்தவளைக் காணவில்லை.

கண்ணாடி மேசையின் மேல் டம்ளர் சட்டென்று முளைத்ததையும், அதிலிருந்து ஆவி பறந்ததையும் தருணேஷ் பார்த்தார். எடுத்து ஒரு வாய் குடித்தார். "சர்க்கரை கம்மி" என்று அறையைப் பார்த்துச் சொன்னார். அறை பதில் சொல்லவில்லை. பாதி டம்ளர் இறங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது: கண்விழித்ததிலிருந்து மனைவியை அவர் பார்க்கவே இல்லை.

"வர்ஷி?"

பார்வையின் கீழ் விளிம்பில் ஒரு செய்தி ஓடியது. 'உன் முன்னாடிதான் நிக்கறேன், தருண். கால் மணி நேரமா கத்தறேன்.'

அவர் கையை நீட்டினார். விரலில் ஒரு தோள் தட்டுப்பட்டது. கண்ணில் தெரிந்ததோ சுவரும் சுவரில் மாட்டிய கடிகாரமும்தான். கையைச் சூடுபட்டதுபோல் இழுத்துக்கொண்டார்.

அடுத்த செய்தி வந்தது. 'இன்னிக்கே சரி பண்ணு. இல்லேன்னா நான் கெளம்பிடுவேன். கெளம்பினதுகூட உனக்குத் தெரியாது.'

தருணேஷின் கண்ணில் கோளாறு இல்லை. கண்ணுக்குள் இருந்த மேசையில்தான் கோளாறு, அல்லது அவர் அப்படி நினைத்தார்.

நூறு ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து, அதன் திரையில் படங்களையும் கோப்புகளையும் பரப்பிக்கொண்டு வேலை பார்த்தார்கள். அந்தப் பெட்டி பிறகு மடிக்கு வந்தது, உள்ளங்கைக்கு வந்தது, கடைசியில் கண்ணுக்குள் குடியேறிவிட்டது. அதன் பெயர் விழிமேசை. கருவிழிக்குப் பின்னால் உளுந்து அளவில் ஒரு மணி. காதுக்குப் பின்னால் ஓசைக்காக இன்னொன்று. வெளியே இருந்து வரும் ஒளி முழுவதையும் கண்மணி முதலில் வாங்கிக்கொள்ளும். அதற்குள் இரண்டு நிரல்கள் ஓயாமல் உழைக்கின்றன. முதலாவது இனங்காணி: இது சுவர், இது நாய், இது மனிதன் என்று பிரித்துச் சொல்வது அதன் வேலை. இரண்டாவது பூச்சாளன்: பயனர் வேண்டாம் என்று சொன்னதன் மேல், அதற்குப் பின்னால் இருப்பதைப் பூசி மறைப்பது அதன் வேலை. நாயை வேண்டாம் என்றால் நாய் படுத்திருக்கும் இடத்தில் தரை தெரியும். அவ்வளவு நேர்த்தியாகத் தெரியும், நாயை மிதிக்கும்வரை சந்தேகமே வராது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது விருப்பக் கோப்புறை. எதைக் காட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும், எதை அழகுபடுத்த வேண்டும் என்று அவரவர் எழுதிவைத்த விதிகள் அதில் கிடக்கும். பழைய வீட்டுப் பரணில் சாமான் சேர்வதுபோல விதிகள் சேரும். ஏற்றியது என்ன என்று ஏற்றியவருக்கே நினைவிருக்காது.

இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் இயங்குதளத்துக்கு ஆல் என்று பெயர். பழைய லினக்ஸின் நேர் வாரிசு. அதைப் போலவே ஆலும் யாருடைய சொத்தும் இல்லை. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் எழுதுகிறார்கள். ஒவ்வொரு வரியும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யாரும் படிப்பதில்லை. இலவசமாகக் கிடைப்பதைப் படித்துப் பார்ப்பது தங்கள் தகுதிக்குக் குறைவு என்று நினைக்கும் மனிதர்கள்தான் அதை அதிகமாகப் பயன்படுத்துகிறார்கள்.

முந்தின நாள் மாலை ஆலின் பதினான்காம் பதிப்பு வந்திருந்தது. கூடவே பதிப்புக் குறிப்பும் வந்தது. 'இனங்காணி முற்றிலும் மாற்றி எழுதப்பட்டுள்ளது. உங்கள் பழைய விதிகளை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுப் பதிப்பேற்றவும்' என்று அதில் எளிய தமிழில் எழுதியிருந்தது. தருணேஷ் கொட்டாவி விட்டுக்கொண்டே 'படித்தேன், ஏற்கிறேன்' என்பதை அழுத்தினார். அந்த இரண்டு சொற்களில் முதலாவது பொய்.

பொன்மணி விஹார் என்ற அந்த அடுக்ககத்தில், அன்று காலை குடியிருப்போர் குழு கொதித்துக்கொண்டிருந்தது. 'எனக்கும் இதே பிரச்சினை' என்று ஒருவர் எழுதினார். அவருக்கு நேரம் காட்டும் பட்டை இடது பக்கம் போயிருந்தது. 'எனக்கும் இதே பிரச்சினை' என்று இன்னொருவர் எழுதினார். அவருக்கு வானத்தின் நீலம் பிடிக்கவில்லை. மூன்றாமவர் தன் மாமியாரைக் காணோம் என்றும், அவசரம் ஒன்றுமில்லை என்றும் எழுதினார். மெதுவாகத்தான் வெளியே வந்தது, பல வீடுகளில் மனைவிமார் மறைந்துவிட்ட செய்தி. சி பிளாக்கில் ஒரே ஒரு கணவரும் மறைந்திருந்தார். அவர் வீட்டில் தினமும் துணி காயப்போடுவது அவர்தான்.

"என் வீட்ல இந்த வரியைப் போட்டேன், சரியாயிடுச்சு. ஃபார்வர்ட் பண்ணுங்க" என்று ஒருவர் ஒரு கட்டளை வரியை அனுப்பினார். அது என்ன செய்யும் என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடுக்ககம் முழுவதும் அதைத் தன் கண்ணுக்குள் ஒட்டிக்கொண்டது. வங்கியில் கையெழுத்துக்கு அத்தனை யோசிக்கும் மனிதர்கள், முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய கட்டளைக்குத் தங்கள் பார்வையைத் திறந்துவிட்டார்கள். தருணேஷும் போட்டார். மனைவி வரவில்லை. சிவப்பு நிறம் போய்விட்டது.

வேறு வழியில்லாமல்தான் அவர் ஆல் பராமரிப்புக் குழுவை அழைத்தார்.

நஸ்ரின் வந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. பதினான்காம் பதிப்பின் இனங்காணியில் கணிசமான பகுதி அவள் எழுதியது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. பொறுமை அந்த அளவுக்கு இல்லை.

"நேத்து என்ன மாத்துனீங்க?"

"நான் ஒண்ணுமே மாத்தல மேடம். அது பாட்டுக்கு இருந்தது, திடீர்னு..."

"பதிப்பேத்துனீங்களா?"

"அது மட்டும்தான்."

"அப்புறம்?"

"குழுவுல ஒரு வரி வந்தது. அதைப் போட்டேன். அவ்வளவுதான், வேற ஒண்ணுமே மாத்தல."

நஸ்ரின் அவரை ஒரு கணம் பார்த்தாள். அந்த வரியைக் கேட்டு வாங்கி, அது செய்த மாற்றத்தைத் திருப்பினாள். சோபா மீண்டும் சிவந்தது. பிறகு அவள் அடுக்களைப் பக்கம் திரும்பி, "வணக்கம் மேடம். நீங்களும் வாங்க, உட்காருங்க" என்றாள்.

தருணேஷுக்குக் காலி வாசல்தான் தெரிந்தது. மறைந்தவர்களின் குரலைக் காதுமணியும் நீக்கிவிடுவதால் அவர் காதுக்கு எதுவும் எட்டவில்லை. அடுக்களை வாசலில் வர்ஷிணி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் சமையல்காரி சங்கவி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"உக்காந்தா மட்டும் தெரிஞ்சிடப் போறேனா?" என்றாள் வர்ஷிணி.

"இன்னிக்குத் தெரியணும்னுதானே வந்திருக்கேன்" என்றாள் நஸ்ரின்.

"யார்கிட்ட பேசறீங்க?" என்றார் தருணேஷ்.

"உங்க வைஃப்கிட்ட."

"ஓ. நல்லா இருக்காளான்னு கேளுங்க."

நஸ்ரின் கேட்கவில்லை. "சார், பழுது ரெண்டே இடத்துலதான் இருக்க முடியும். ஒண்ணு ஆல்ல. இல்லேன்னா உங்க கோப்புறையில. எதுன்னு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. விருந்தினர் கணக்குக்குப் போங்க."

இது லினக்ஸ் காலத்து வழி; இன்றுவரை இதைவிட நல்லதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. விருந்தினர் கணக்குக்கு விருப்பம் கிடையாது. அதற்கு விதிகள் இல்லை, பழக்கங்கள் இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை. ஆல் எப்படிப் பிறந்ததோ அப்படியே அதில் ஓடும். விருந்தினர் கணக்கில் எல்லாம் சரியாக இருந்தால், தளத்தில் பிழை இல்லை என்று அர்த்தம். பிழை பயனரிடம். இந்தச் சோதனையை யாரும் விரும்பிச் செய்வதில்லை என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

தருணேஷ் கணக்கு மாறினார். இமைக்கும் நேரம் இருட்டு. பிறகு வீடு வந்தது.

கூரையில் ஈரம் பூத்து, வரைபடம்போல் பரவியிருந்தது. சன்னலுக்கு வெளியே அவர் தினமும் ரசித்த ஏரி இல்லை. அந்த இடத்தில் குப்பைமேடு ஒன்று எழுந்து நின்றது; அதன் உச்சியில் பருந்துகள் சுற்றின. எதிரே இருந்த அலமாரிக் கண்ணாடியில் தொப்பை சரிந்த, கழுத்துத் தோல் தொங்கிய ஒரு கிழவர் அவரையே வெறித்துக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில் யாரோ பெண்கள் நின்றார்கள்.

"ஆங், தெரியறா, தெரியறா! போதும்!" என்று கத்திவிட்டு அவர் சொந்தக் கணக்குக்குத் திரும்பி ஓடினார். ஏரி வந்தது. நீரில் வெயில் மினுங்கியது. அவர் மூச்சு சீரானது.

"சரியா பாக்கவே இல்லியே சார்."

"அதான் தெரியுதுன்னு சொல்றேனே. எப்படித்தான் மனுஷன் அந்தக் கணக்குல இருக்கறது?"

"அப்போ ஆல்ல பிழை இல்ல. உங்க கோப்புறையைத் திறங்க."

கோப்புறை ஒரு குப்பைமேடாகவே இருந்தது. தெருநாயை மறை. கட்சிச் சுவரொட்டியை மறை. கடன் கேட்ட தம்பியை மறை. இழவு வீட்டுப் பந்தலை மறை. நஸ்ரின் விரலால் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள். அந்த விதி அடுக்ககச் சங்கம் எல்லா வீட்டுக்கும் பொதுவாக அனுப்பியது. ஒரு காலத்தில் பொன்மணி விஹாரில் வேலையாட்களுக்குத் தனி லிஃப்ட் இருந்தது. அது அடிக்கடி பழுதானது. வேலையாட்கள் பெரிய லிஃப்டில் ஏறினார்கள். குடியிருப்போர் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கடைசியில் ஒரு நல்ல உள்ளம், லிஃப்டை எதற்குப் பழுதுபார்க்க வேண்டும், ஆட்களை மறைத்துவிட்டால் போயிற்று என்றது. செயலாளராக இருந்த தருணேஷே விதியை எழுதினார்.

நஸ்ரின் சத்தமாகப் படித்தாள். "'இந்த வளாகத்தில் வீட்டு வேலை செய்பவர்களையும் சுமை தூக்குபவர்களையும் மறை. மறைத்தவர்களை, அவர்கள் வாயிலைத் தாண்டி வெளியேறும்வரை மறைத்தே வை.' ரெண்டாவது வாக்கியம் எதுக்கு சார்?"

"அதுவா, வேலை முடிஞ்சதும் கழுத்து வில்லையைக் கழட்டிட்டு படிக்கட்டுல உக்காந்து ரெஸ்ட் எடுப்பாங்க. வேலை செய்யாதப்போ கண்ணுல தெரிஞ்சாங்க. கம்ப்ளைன்ட் வந்தது. அதனால சேர்த்தோம்."

வர்ஷிணி ஏதோ சொன்னாள். அது நஸ்ரினுக்கும் சங்கவிக்கும் மட்டும் கேட்டது. சங்கவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பதிமூணாம் பதிப்புல இனங்காணிக்கு வேலைன்னா என்னன்னே தெரியாது" என்றாள் நஸ்ரின். பேச்சு அவள் எழுதிய நிரலுக்கு வந்துவிட்டதால் குரலில் உற்சாகம் ஏறியது. "வாசல்ல வேலையாளுங்களுக்கு ஒரு வில்லை குடுப்பீங்களே, கழுத்துல மாட்டிக்க, அதை மட்டும்தான் அதால படிக்க முடியும். வில்லை இருந்தா வேலையாள், மறை. அவ்வளவுதான் அதோட அறிவு. குடியிருக்கறவங்களுக்கு வேற வில்லை. அதை வெச்சுத்தான் இவங்க உங்க வைஃப்னு கண்டுபிடிச்சுது. ஆனா வில்லையைத் திருடறாங்க, மாத்திக்கறாங்க. அதனால பதினாலுல நாங்க வில்லையையே தூக்கிட்டோம். இப்போ இனங்காணி செயலைப் பாக்கும். பாத்திரம் தேய்க்கறது, பெருக்கறது, டம்ளரைக் கொண்டுவந்து வைக்கறது. ரொம்ப கஷ்டப்பட்டு எழுதினோம் சார், ஆயிரக்கணக்கான அசைவுகள். யார் வேலை செய்யறாங்கன்னு அது இப்போ தப்பே இல்லாம சொல்லிடும்."

"அப்போ தப்பு பதினாலுலதான்."

"தப்பு இல்ல சார். நீங்க எழுதினதை இப்பதான் முதல்தடவையா எழுதினபடி செய்யுது. இவங்க காலையில எழுந்ததும் காபி போட்டாங்க, மறைஞ்சுட்டாங்க. வாசலைத் தாண்டி வெளிய போற வரைக்கும் மறைஞ்சேதான் இருப்பாங்க. போயிட்டு வந்து மறுபடி ஒரு தட்டை எடுத்தா, மறுபடி போச்சு."

தருணேஷ் யோசித்தார். யோசிப்பது அவருக்கு ஒத்துவராதது முகத்தில் தெரிந்தது. "அவ கண்ணுலயும் இந்த விதி இருக்குமே. நான் மட்டும் எப்படி அவளுக்குத் தெரியறேன்?"

வர்ஷிணி வாய்விட்டுச் சிரித்தாள். "அந்த விதியை நான் என்னிக்கோ அழிச்சுட்டேன்னு சொல்லுங்க. அரிவாள்மணைகிட்ட உக்காந்திருக்கறவ கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரிய வேணாமா? ஆனா அழிக்கலேன்னாலும் அவர் தெரிவார்னும் சொல்லுங்க."

"என்ன சொல்றா?" என்றார் தருணேஷ்.

"நீங்க மறையறதுக்கு ஒரு ஆபத்தும் இல்லேன்னு சொல்றாங்க."

அவர் நிம்மதியாகத் தலையசைத்தார்.

நஸ்ரின் தீர்வைச் சொன்னாள். இதுவும் பழைய வழிதான்: விருப்பக் கோப்புறையின் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். ஆல் தன் கோப்புறையைத் தேடும்; காணாது; புதிதாக ஒன்றைப் படைத்துக்கொள்ளும். பழைய விதி ஒன்றும் அதில் இராது. எதுவும் அழியாது, தேவையானதை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். "அரை மணி நேர வேலை. உங்க வைஃப் தெரிவாங்க. எல்லாரும் தெரிவாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்."

"அந்தக் குப்பைமேடு?"

"அதுவும்தான்."

"கண்ணாடியில நான்?"

நஸ்ரின் அலமாரிக் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அதெல்லாம் வேணாம் மேடம். எத்தனை வருஷமா பாத்துப் பாத்து வெச்சிருக்கேன். இவ ஒருத்திக்காக அத்தனையையும் கலைக்க முடியுமா? இவளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு போட்டுக் குடுங்க. ஒரு வரிதானே?"

நஸ்ரின் வர்ஷிணியைப் பார்த்தாள். வர்ஷிணி கைகளைக் கட்டிக்கொண்டு, "அவர் இஷ்டம்" என்றாள்.

விதிவிலக்கு ஒரு வரிதான். ஆனால் அந்த வரிக்கு ஒரு முகம் வேண்டும். 'என்ன வேலை செய்தாலும் இந்த முகத்தை மறைக்காதே' என்று சொல்ல, எந்த முகம் என்று காட்ட வேண்டும். நஸ்ரின் கோப்புறையில் மனைவி என்ற பதிவைத் தேடினாள். கிடைத்தது. திறந்ததும் அவள் விரல் நின்றது.

"சார், இதுல இருக்கறது முகப்பூச்சு. இவங்க முகத்து மேல ஒரு பழைய படத்தைப் பூசி வெச்சிருக்கீங்க. குரலையும்."

"ஆமா, கொடைக்கானல் போனப்ப எடுத்தது. நல்லா இருப்பா அதுல."

"இதை எப்பலேர்ந்து பூசறீங்க?"

"அங்கேர்ந்து வந்ததுலேர்ந்துதான்."

வர்ஷிணி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கொடைக்கானல் போனப்ப பையன் நாலாவது படிச்சான்" என்றாள். "இப்போ அவனுக்கே ஒரு பொண்ணு இருக்கு. எனக்கு இடையில டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டிச்சு. அப்போகூட நீ மாறவே இல்ல வர்ஷின்னு இவர் சொல்லுவார். ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். அதுல எனக்கு எவ்வளவு பெருமைன்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

"மேடம், நான் வேணா அவர்கிட்ட..."

"வேணாம். வேலையைப் பாருங்க" என்று எழுந்து அடுக்களைக்குப் போனாள் வர்ஷிணி.

பழைய படம் புது முகத்தோடு பொருந்தாது என்பதால், நஸ்ரினால் அதே ஒரு வழியைத்தான் சொல்ல முடிந்தது. தருணேஷ் மறுபடி விருந்தினர் கணக்குக்குப் போக வேண்டும். மனைவியை நேரில் பார்த்து, இவள்தான் என்று குறிக்க வேண்டும். குறித்த முகத்தை ஆல் பதிந்துகொண்டு, சொந்தக் கணக்கில் அதை ஒருபோதும் மறைக்காது. விரும்பினால் பூச்சையும் அதன்மேல் பூசும். குறிக்கும்போது வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் ஆள் காட்டக் கூடாது என்பது பராமரிப்பாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. பார்வை மங்கிய பணக்காரர்களுக்கு முன்னால் போய், நான்தான் உங்கள் மகன் என்று நின்றவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்காக வந்த விதி அது. பதிந்ததைத் திருத்த வேண்டுமானாலும் கணக்குக்கு உரியவரே விருந்தினர் கணக்கில் நின்று திருத்த வேண்டும்.

"இதுக்கெல்லாமா விதி? என் பெண்டாட்டியை எனக்குத் தெரியாதா?" என்றார் தருணேஷ். கண்ணாடியைப் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கணக்கு மாறினார்.

அடுக்களையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

ஒருத்தி அடுப்பருகே ரசத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். சாயம்போன நைட்டி, நரைத்து மெலிந்த முடியை உச்சியில் முடிந்திருந்தாள், கண்ணுக்குக் கீழே கரிய பைகள். அடுத்தவள் மேடையை ஒட்டி நின்றாள். இளையவள். மடிப்புக் கலையாத சுடிதார். காலையில் கோயிலுக்குப் போயிருப்பாள்போல, நெற்றியில் குங்குமம், தலையில் ஒரு துண்டு மல்லி. இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள்.

தருணேஷ் இளையவள் பக்கம் ஓர் அடி வைத்தார். சங்கவி பதறி, "ஐயோ சார்..." என்று தொடங்கினாள். நரைத்தவள் உதட்டின் மேல் விரலை வைத்து அவளைத் தடுத்தாள்.

தருணேஷுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, நீ யாரு அவளை வாயை மூடச் சொல்ல? வேலைக்கு வந்த எடத்துல வீட்டுக்காரியையே அதட்டறியா?" என்றார் தம் மனைவியிடம். பிறகு நஸ்ரினிடம் திரும்பி, "பாத்தீங்களா? மறைச்சு வெச்சது எவ்வளவு சரின்னு தெரியுதா?" என்றார்.

"நல்லாப் பாத்துட்டீங்களா சார்?"

"இதுல பாக்க என்ன இருக்கு? அப்படியேதான் இருக்கா. மாறவே இல்ல."

அவர் சங்கவியைக் குறித்தார். உறுதிதானா என்று ஆல் கேட்டது. படிக்காமல் அழுத்தினார்.

சொந்தக் கணக்கு திரும்பியது. ஏரி மினுங்கியது. அடுக்களை மேடையருகே, கொடைக்கானல் குளிரில் கன்னம் சிவந்த வர்ஷிணி நின்றுகொண்டிருந்தாள். அடுப்பருகே யாரும் இல்லை. தருணேஷின் கண்கள் கலங்கிவிட்டன. அது உண்மையான கண்ணீர்தான். ஆலின் பதிவில்கூட அது கண்ணீர் என்றே இருக்கிறது.

"வந்துட்டியா வர்ஷி!"

"சார், நான் சங்கவி. சமையல் பண்றவ. நான் உங்க பொண்டாட்டி இல்ல சார்" என்றாள் அவள். அந்தச் சொற்கள் வர்ஷிணியின் இளம் உதடுகளில், வர்ஷிணியின் இளம் குரலில் அவரிடம் வந்து சேர்ந்தன.

தருணேஷ் சிரித்தார். "கோவம் இன்னும் போகல மேடம். காலைலேர்ந்து நான் பாக்கலேல்ல, அதான்."

"சார்" என்றாள் நஸ்ரின், விதிக்குள் நின்று சொல்லக்கூடியதை எல்லாம் அந்தக் குரலில் ஏற்றி. "விருந்தினர் கணக்குல இன்னும் ஒரே ஒரு தரம் போய்ப் பாருங்களேன். ஒரு நிமிஷம்."

"அந்த அசிங்கத்தை இன்னொரு தரமா? பிரச்சினைதான் தீர்ந்துடுச்சே!" அவர் அங்கேயே பராமரிப்புக் குழுவின் பக்கத்தைத் திறந்து 'தீர்ந்தது' என்று எழுதி, ஐந்து நட்சத்திரமும் போட்டார்.

வர்ஷிணி நைட்டியை மாற்றிப் புடவை கட்டிக்கொண்டு, நஸ்ரினோடு லிஃப்டில் இறங்கி, வாயில்வரை போனாள்.

"அவரே பாத்து, தப்புன்னு ஒத்துக்கிட்டா மாத்திடலாம் மேடம்" என்றாள் நஸ்ரின்.

"அப்போ மாத்த முடியாது" என்றாள் வர்ஷிணி. வாயிலைத் தாண்டிச் சாலையில் கால் வைத்தாள். சற்று நின்றாள். ஆல் அவளை விடுவித்தது. பொன்மணி விஹாரில் இப்போது யார் கண்ணுக்கும் அவள் தெரிவாள், ஒரு வேலையும் செய்யாதவரை. "பெட்டியை எடுத்துட்டு வந்துடறேன். என்னை மெட்ரோவுல விட்டுடறீங்களா?"

"வரேன், நானும் மேல வரேன்."

"இல்ல. நானே போறேன். ஒண்ணு பாக்கணும்."

கதவு திறந்தே கிடந்தது. அவள் கையை வீசிக்கொண்டு உள்ளே போனாள். தருணேஷ் சோபாவில் இருந்து நிமிர்ந்தார். அன்று காலையிலிருந்து முதல்தடவையாக அவர் தம் சொந்தக் கணக்கில் தம் மனைவியை நேருக்கு நேர் பார்த்தார். பூச்சு சங்கவியின் முகத்துக்குப் போய்விட்டதால், அந்தக் கணக்கில் பூச்சில்லாத அவள் முகத்தை, கொடைக்கானலுக்குப் பிறகு முதல்தடவையாக.

"யாரும்மா? யார் வேணும்?"

வர்ஷிணி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேண்டிய அளவு நேரம் கொடுத்தாள்.

"வேலைக்கா? புது ஆளா? வர்ஷி, யாரோ வந்திருக்காங்க பாரு" என்று அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அங்கே சங்கவி அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்றாள்.

"வேலைக்கு இல்ல. உள்ள ஒரு பெட்டி இருக்கு. எடுத்துட்டுப் போக வந்தேன்."

"ஓ, கொரியரா. போய் எடுத்துக்கங்க, படுக்கையறையில பாருங்க. செருப்பை வெளிய கழட்டிட்டு வர மாட்டீங்களா?"

அவள் உள்ளே போனாள். அலமாரி திறந்தது, மூடியது. பெட்டியின் கைப்பிடியை அவள் தூக்கிய அந்தக் கணத்தில், சுமை தூக்குபவர் என்று இனங்காணி ஐயமில்லாமல் இனங்கண்டது. பூச்சாளன் அவள்மேல் சுவரைப் பூசியது, நடையைப் பூசியது, அவள் கடந்துபோன சோபாவையும் அதில் உட்கார்ந்திருந்தவரின் கால்களையும்கூட ஒரு நூல் பிசகாமல் பூசியது. சக்கரங்கள் தரையில் உருண்ட ஓசையைக் காதுமணி துப்புரவாக நீக்கியது. பதினான்காம் பதிப்பில் ஒரு பிழையும் இல்லை.

படுக்கையறைக்குள் போனவள் வெளியே வரவில்லையே என்று தருணேஷ் கொஞ்சம் காத்திருந்தார். அப்போது வாசற்கதவு தானாகவே அசைந்தது. தானாகவே மெல்லச் சாத்திக்கொண்டது. அவர் முகத்தைச் சுளித்தார். நஸ்ரினுக்கு இன்னொரு புகார் எழுதினார்: 'மனைவி பிரச்சினை சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் பதிப்பேற்றிய பிறகு கதவு தானாகத் திறந்து மூடுகிறது. அதையும் பார்க்கவும்.'